நாற்பது நாளில் நின்றுபோன ரயில்: எல்லை தாண்டும் ரயில்களை வாங்குவோர் கவனத்துக்கு

புதிய ரயில்களை ஏற்றுக்கொள்ளும் முன் சோதித்துப் பார்ப்பது என் தொழில். தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதுதான். ஒரே நாட்டுக்குள் ஓடும் ரயிலுக்கு அது போதுமான கேள்வியாக இருக்கலாம். எல்லை தாண்டும் ரயிலென்றால், அது எந்த மின்சாரத்தில், எந்த சிக்னலை நம்பி, யாருடைய அனுமதியோடு ஓடும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம்–பிரஸ்ஸல்ஸ் தடத்தை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் பழைய தடங்களில் 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். பெல்ஜியத்தின் பழைய தடங்களில் 3,000 வோல்ட். இடையிலுள்ள அதிவேகத் தடத்தில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். இரு நாடுகளின் பழைய சிக்னல் முறைகளும் வெவ்வேறு. புதிய தடத்திலோ ஐரோப்பியப் பொதுமுறை. இத்தனையையும் ஒரே ரயில் சுமக்கும்போது எடையும் மென்பொருளும் பழுதுக்கான வாய்ப்பும் சேர்ந்தே பெருகுகின்றன.

இந்தத் தடத்துக்காகவே 2004இல் நெதர்லாந்து, பெல்ஜியம் ரயில்வேக்கள் இத்தாலியின் அன்சால்டோபிரெடா நிறுவனத்திடம் 250 கிலோமீட்டர் வேக ரயில்கள் வாங்க ஒப்பந்தம் செய்தன; மொத்தம் 19 ரயில்கள். அத்தனை சிறிய எண்ணிக்கைக்கு, வேறெங்கும் ஓடிப் பழகாத புது வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்ததே என் பார்வையில் முதல் பிழை. 2007இல் வந்திருக்க வேண்டிய ரயில்கள் ஃபைரா என்ற பெயரில் 2012 டிசம்பர் 9 அன்றுதான் இரு நாட்டுத் தலைநகரங்களுக்கிடையே ஓடத் தொடங்கின. பனியும் உறைபனியும் வந்ததும் பழுதுகள் அடுக்கடுக்காக வந்தன. ஒரு ரயிலின் அடித்தட்டு கழன்று தண்டவாளத்தில் கிடந்தது. 2013 ஜனவரி 17க்குப் பிறகு அவை பயணிகளை ஏற்றவில்லை. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் இரு நாட்டு ரயில்வேக்களும் அவற்றைக் கைவிட்டன; நெதர்லாந்து நாடாளுமன்றம் விசாரணையே நடத்தியது.

இத்தனைக்கும் அந்த ரயில்களிடம் ஓடுவதற்கான சான்றிதழ்கள் இருந்தன. வரைபடமும் மாதிரிச் சோதனையும் விதிகளுக்கு உட்பட்டவை என்பதைச் சான்றிதழ் சொல்லும். கையில் வந்திருக்கும் ரயிலில் ஒவ்வொரு திருகாணியும் சரியாக முறுக்கப்பட்டிருக்கிறதா, தண்ணீர் தேங்கும் இடத்தில் துரு ஏறுகிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு யாராவது டார்ச்சுடன் பெட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில், பயணிகள் இல்லாமல் ஒரு முழுக் குளிர்காலமாவது ஓட்டிப் பார்க்கும் நிபந்தனையைச் சேர்க்கும்படி நான் எப்போதும் வற்புறுத்துவேன். விநியோகத் தேதி தள்ளிப்போனால் முதலில் வெட்டுப்படுவதும் அதே நிபந்தனைதான். புதிய ரயில் நிலைபெறும்வரை பழைய ரயிலை நிறுத்தாமல் இருப்பதும் முக்கியம்: ஃபைரா வந்தவுடன், அதே நகரங்களுக்கிடையே ஓடிய பழைய பெனிலக்ஸ் ரயிலை நிறுத்திவிட்டதால், பயணிகள் மாற்று வழியின்றித் தவித்தார்கள். (திருப்பியனுப்பப்பட்ட அந்த ரயில்கள், சீர்செய்யப்பட்டு, 2019 முதல் இத்தாலியின் ஏட்ரியாடிக் கடற்கரைத் தடத்தில் ஓடுகின்றன என்பது தனிக்கதை.)

பிரிட்டனையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் இன்னும் கடினமான இடம். 50 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் தீ பற்றினால் பயணிகளை வெளியேற்றும் வழிக்கேற்ப, ரயிலின் நீளம் முதல் எஞ்சின் அமைப்பு வரை விதிகள் இருந்தன. 2010இல், சுரங்கம் வழியே பயணிகள் ரயில்களை ஓட்டும் யூரோஸ்டார், மோட்டார்கள் ரயில் முழுதும் பரவியிருக்கும் ஜெர்மனியின் சீமென்ஸ் ரயில்களைத் தேர்ந்தெடுத்தபோது, போட்டியில் தோற்ற பிரான்சின் அல்ஸ்டோம் நிறுவனம், அந்த அமைப்பு சுரங்க விதிகளுக்கு மாறானது என்று நீதிமன்றம் சென்றது. அந்த ரயில்கள் 2015இன் இறுதியில்தான் சேவைக்கு வந்தன. 2025 அக்டோபரில் யூரோஸ்டார் அல்ஸ்டோமிடமே இரட்டை அடுக்கு ரயில்கள் 30 வாங்க முடிவு செய்தது. முதல் ரயில் 2031இல் ஓடும் என்பது திட்டம். அதே மாதம், லண்டனின் டெம்பிள் மில்ஸ் பணிமனையில் எஞ்சியிருந்த இடத்தை, யூரோஸ்டாருக்குப் போட்டியாக ரயில் ஓட்ட விரும்பும் வர்ஜின் நிறுவனம் பயன்படுத்தப் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. சுரங்கம் வழியே ஐரோப்பா செல்லும் இத்தகைய ரயில்களைப் பராமரிக்கப் பிரிட்டனில் இருப்பது அந்த ஒரே பணிமனை.