ஸ்லாப்ஸ்டிக்: சத்தம் பெரிது, வலி சிறிது

ஸ்லாப்ஸ்டிக் என்றதும் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் ஆள்தான் நினைவுக்கு வருவார். சொல் முதலில் குறித்ததோ ஒரு கருவியை. இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடியில் மட்டும் சேர்த்து, நுனிப்பக்கம் சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். முதுகில் லேசாகத் தட்டினாலே பட்டைகள் மோதி ‘படார்’ என்று கேட்கும், வலி பெயருக்குத்தான். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த கொம்மேடியா டெல்லார்ட்டே நாடகங்களில், அர்லெக்கினோ என்ற வேலைக்காரன் கையில் இருந்த தடி இது. அங்கே இதன் பெயர் பத்தாக்கியோ. ஆங்கிலத்தில் ஸ்லாப் என்றால் அறைதல், ஸ்டிக் என்றால் தடி. கருவியின் பெயர் பிறகு அந்த வகை நகைச்சுவைக்கே ஆகிவிட்டது.

தமிழில் ‘அடிதடி நகைச்சுவை’ என்பதே பொருத்தம். அடியும் தடியும் அப்படியே வந்துவிடுகின்றன. ‘நகைச்சுவை’யை மட்டும் விட்டுவிடக் கூடாது, விட்டால் காவல் நிலைய வழக்காகிவிடும். ‘கோமாளித்தனம்’ போதாது. கோமாளி அடிபடாமலும் சிரிக்க வைப்பான்.

பழைய அசைவூட்டக் குறும்படங்கள் அந்தத் தடியின் நேர் வாரிசு. 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரியில் (முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர்!) இரும்புச் சட்டி முகத்தில் மோதும், முகம் சட்டியின் வடிவத்துக்கு வளையும், ‘டொங்’ என்று கேட்கும். அடுத்த காட்சியில் காயமே இருக்காது.

இவற்றின் 16 மி.மீ. அகலப் படச்சுருள் பிரதிகளைச் சேகரிப்பவர்கள் முதலில் மூக்கைத்தான் நம்ப வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால், சுருளின் அடிப்பொருளான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. வெளியேறும் அமிலமே சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். சுருள் சுருங்கி, ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் கிழியும். இதற்கு மருந்து இல்லை. குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில், மற்ற சுருள்களிலிருந்து தள்ளி வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. படம் முழுக்கச் சிவந்திருந்தால் அது ஈஸ்ட்மேன்கலர் என்ற வண்ணப் படச்சுருளின் சாயம் மங்கியதால்; சாயத்தை அச்சடித்து உருவாக்கிய டெக்னிக்கலர் பிரதிகள் இப்படி மங்குவதில்லை, விலை கூடுவதும் அதனால்தான்.

நீளத்தையும் அளந்து பாருங்கள். ஒலிப்படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 7 நிமிடப் படம் ஏறக்குறைய 250 அடி. 220தான் இருக்கிறதென்றால் 50 விநாடி எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஓரம். ஒரு பக்கம் மட்டும் துளை, மறுபக்கம் ஒலி பதிந்த கோடு என்றால் ஒலிப்பிரதி. இரு பக்கமும் துளை என்றால், வீட்டுத் திரையிடலுக்கு விற்ற மௌனப் பிரதி. சட்டி முகத்தில் மோதும், ‘டொங்’ மட்டும் கேட்காது.