பர்கண்டிக்கு ஒயின் பயணமா? மதியச் சாப்பாட்டிலிருந்து திட்டம் போடுங்கள்

பிரான்சுக்குச் சாப்பாட்டுக்காகவும் ஒயினுக்காகவுமே போக வேண்டும் என்று என்னிடம் பயணத் திட்டம் கேட்டு வருபவர்கள் இப்போது நிறைய. அவர்கள் கையோடு கொண்டுவரும் எக்செல் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். திங்கள் பாரிஸ், செவ்வாய் ஷாம்பேன், புதன் பர்கண்டி, வியாழன் லியோன், அப்புறம் நீஸ். பார்க்க வேண்டிய இடங்கள் காலையிலிருந்து இரவு வரை வரிசையாக இருக்கும், சாப்பாடு என்று ஒரு வரிகூட இருக்காது. கேட்டால், "அது போற வழியில பார்த்துக்கலாம் மேடம்" என்பார்கள்.

பிரான்சின் கிழக்கிலுள்ள ஒயின் பிரதேசமான பர்கண்டியில் போகிற வழியில் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். கிராமத்து உணவகங்களில் அடுப்பு பன்னிரண்டு மணிக்கு எரியத் தொடங்கும். ஒன்றரைக்குள் போய் உட்கார வேண்டும், இரண்டு மணிக்கு மேல் போனால் முகத்தைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிடுவார்கள். இரவில் ஏழு, ஏழரைக்குத் திறந்து ஒன்பதோடு ஆர்டர் முடிந்துவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல இடங்களில் விடுமுறை, சில இடங்களில் செவ்வாயும் புதனும். மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு, ஒன்பதரைக்கு இரவுச் சாப்பாடு என்று பழகிய நம் குடும்பங்கள், உலகப் புகழ்பெற்ற சமையல் பிரதேசத்தில் பெட்ரோல் பங்க் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வருவது இப்படித்தான். அதனால் நான் திட்டம் போடும்போது முதலில் எழுதுவது ஒவ்வொரு நாளின் மதியச் சாப்பாட்டை. எந்த ஊர், எந்த உணவகம், அன்று திறந்திருக்குமா, மேசை புக் ஆகிவிட்டதா? இது முடிந்த பிறகுதான் காலையில் எந்த ஒயின் நிலவறை, மாலையில் எந்தக் கோட்டை என்ற பேச்சு. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் மதியத்தையே பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களின் மதியங்களில் பல நல்ல உணவகங்கள் முன்பதார்த்தம், முக்கிய உணவு, இனிப்பு என்று நிலையான விலையில் கொடுக்கும். அதே சமையல்காரரின் இரவுச் சாப்பாட்டுக்குக் கணிசமாகக் கூடுதலாகும்.

சரி, இடத்துக்கு வருவோம். டிஜோன் நகருக்குத் தெற்கே தொடங்கி, போன் நகரைத் தாண்டி (ஊரின் பெயர்தான், கைப்பேசி இல்லை) சான்தனே வரை 50, 60 கிலோமீட்டர் நீளும் மலைச்சரிவுதான் கோட் தோர். சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே, கொஞ்சம் அலிகோதே. பெரும்பாலும் அவ்வளவுதான் திராட்சை. ஆனால் அந்தச் சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பெயர் வைத்து நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். இப்படி 1,247 துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரே திராட்சை, ஒரே கிராமம், நடுவில் ஒரு வண்டிப்பாதை மட்டும். இந்தப் பக்கத்து பாட்டிலுக்கும் அந்தப் பக்கத்து பாட்டிலுக்கும் விலை பத்து மடங்கு வித்தியாசப்படலாம். மிக உயர்ந்த தரமான 'கிராண்ட் க்ரூ' என்ற தகுதி பர்கண்டி முழுவதிலும் 33 பெயர்களுக்குத்தான். மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ரொமானே-கோன்டியில் டேஸ்டிங் ஏற்பாடு பண்ண முடியுமா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தரும் அந்த கிராண்ட் க்ரூ தோட்டம் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. வோன்-ரொமானே கிராமத்துக்குப் போய், தாழ்வான கல்மதிலுக்கு வெளியே நின்று, அங்குள்ள கல் சிலுவையோடு படம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இறங்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பணத்தால் திறக்காத கதவுகள் அங்கே நிறைய. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குடும்பமாக இயங்குபவர்கள். திராட்சைக்கொடியை வெட்டுபவரும், டிராக்டர் ஓட்டுபவரும், உங்களுக்குக் கிளாஸில் ஊற்றுபவரும் ஒரே ஆளாக இருப்பார். அவருக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மின்னஞ்சல் போட வேண்டும். எத்தனை பேர், என்ன மொழி, எந்த நாள், எத்தனை மணி என்று சுருக்கமாக எழுதினால் போதும். நான்கு பேர் என்று எழுதிவிட்டு ஒன்பது பேராகப் போய் நிற்பதும், சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பதும் வேண்டாம். அதே தயாரிப்பாளருக்கு அடுத்த மாதம் இந்தியாவிலிருந்து இன்னொருவர் எழுதும்போது பதில் வராமல் போவது இதனால்தான். டேஸ்டிங்குக்குக் கட்டணம் வாங்காத இடமென்றால், கிளம்பும்போது ஒன்றிரண்டு பாட்டில் வாங்குவதுதான் மரியாதை.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் கோட் ஷலோனேஸ் பகுதியைச் சேர்க்கச் சொல்வேன். கோட் தோருக்குத் தெற்கே, கார் பயணத்தில் பக்கம்தான். மெர்க்யூரே, ஜிவ்ரி, அலிகோதேக்கென்றே பெயர் பெற்ற பூஸ்ரோன் எல்லாம் அங்கே இருக்கின்றன. விலையும் குறைவு, கதவும் சுலபமாகத் திறக்கும். பெயருக்காகப் போகாமல் குடிக்கப் போகிறவர்களுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

நிலவறைக்குள் என்ன நடக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தடுமாறுவது அங்கேதான். வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் உள்ளே 12, 13 டிகிரிதான் இருக்கும். ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ கையில் இருக்கட்டும். சென்ட், ஜவ்வாது, தலையில் மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். மூக்கால் செய்கிற வேலை அது, உங்கள் வாசனை பக்கத்தில் நிற்பவரின் கிளாஸுக்குள்ளும் போய்விடும். தயாரிப்பாளர் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல்துளையைக் கட்டைவிரலால் மூடி எடுத்து, கிளாஸில் இரண்டு வாய் அளவு விடுவார். பர்கண்டியில் பலர் சிவப்பை முதலிலும் வெள்ளையைப் பிறகும் கொடுப்பார்கள். புத்தகத்தில் படித்ததற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, அப்புறம் துப்ப வேண்டும். ஓரத்தில் அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும், சில இடங்களில் தரைச் சரளைக்கற்களே பாத்திரம்.

இந்தத் துப்புகிற விஷயத்தில்தான் சிக்கல். கொடுத்ததை அவர் கண்முன்னாலேயே துப்புவதா என்று நம் ஆட்களுக்குக் கூச்சம். பெரியவர்களாக இருந்தால் அவமரியாதை என்றே நினைத்து முழுக்க விழுங்கிவிடுவார்கள். அங்கே துப்புபவரைத்தான் விவரம் தெரிந்தவர் என்பார்கள், அந்தத் தயாரிப்பாளரும் துப்பிக்கொண்டேதான் இருப்பார். துப்பாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் இடத்தில் ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 4 சென்டிலிட்டர் என்றால் 24 சென்டிலிட்டர். அதாவது பிரெஞ்சுக்காரர்கள் கணக்கிடும் 10 சென்டிலிட்டர் கிளாஸில் ஏறக்குறைய இரண்டரை. ஒரு கிளாஸ் ரத்தத்தில் லிட்டருக்கு 0.20 முதல் 0.25 கிராம் ஆல்கஹாலைச் சராசரியாக ஏற்றும். பிரான்சில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 0.5 கிராமுக்குக் கீழே. லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச காலமே ஆனவர்களுக்கு 0.2தான். ஆக, காலை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு நிலவறையில் ஆறு ஒயினை விழுங்கிவிட்டு வெளியே வருபவர் ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருப்பார். மெலிந்த உடம்புக்காரர்களும் பெண்களும் தாண்டியேயிருப்பார்கள். மதியச் சாப்பாட்டோடு இன்னும் இரண்டு கிளாஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டால், காபி குடித்தால், தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்பதெல்லாம் நம்பிக்கை மட்டும்தான். உடம்பு மணிக்கு 0.10 முதல் 0.15 கிராம்தான் குறைக்கும். போலீஸ் எந்தத் திருப்பத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். 0.5இலிருந்து 0.8 வரை என்றால் வழக்கமான அபராதம் 135 யூரோ, 0.8ஐத் தொட்டால் குற்ற வழக்கு. வாடகைக் காரில் விபத்து நடந்து, ரத்தத்தில் ஆல்கஹாலும் இருந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அது இருக்கும்.

"ஒருத்தர் குடிக்காம ஓட்டட்டும்" என்று குழுவில் யாராவது ஒருவர் தலையில் கட்டுவதையும் நான் ஊக்குவிப்பதில்லை. இவ்வளவு செலவு செய்து வந்து ஒருவர் மட்டும் வேடிக்கை பார்ப்பதா? முதல் நாள் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார், மூன்றாம் நாள் முகம் சுருங்கிவிடும். போனிலிருந்து அரை நாள், முழு நாள் கணக்கில் டிரைவரோடு சிற்றுந்து கிடைக்கிறது. டிஜோனுக்கும் போனுக்கும் நடுவே ஓடும் ரயில்களில் சில ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான், நுயி-சான்-ஜோர்ஜ் போன்ற ஒயின் கிராமங்களில் நிற்கும். போனிலிருந்து பொமார், வோல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே வழியாகச் சான்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே சைக்கிள் பாதை இருக்கிறது. அருமையான பாதை. ஆனால் அந்த 0.5 சைக்கிளுக்கும் பொருந்தும், மறக்க வேண்டாம். பாரிஸிலேயே இருக்கும் 'லியோன்' என்ற ரயில் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு டிஜிவி அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து போனுக்கு அரை மணிக்குள். காரே எடுக்காமல் இந்தப் பயணத்தை முடிக்கலாம். நான் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

எப்போது போவது? ஆகஸ்ட் நடுவில் பாதி ஊர் விடுமுறையில் இருக்கும். அறுவடை நேரத்தில் தயாரிப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, நீங்கள் எழுதினாலும் பதில் வராது. அறுவடை எப்போது என்பதே இப்போது மாறிவிட்டது. போன் நகரில் 1354இலிருந்து அறுவடைத் தேதிகள் பதிவாகியிருக்கின்றன. முன்பெல்லாம் சராசரியாக செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கியது. 1988க்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் முந்திவிட்டது, வெயில் கடுமையான ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே கத்தரியை எடுக்கிறார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி செப்டம்பர் கடைசியில் அறுவடை பார்க்கப் போனால் வெறும் இலைதான் மிஞ்சியிருக்கும். நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று போனில் ஹோஸ்பிஸ் என்ற பழைய ஏழைகள் மருத்துவமனையின் ஒயின் ஏலம், 1859இலிருந்து நடக்கிறது. கொண்டாட்டம் வேண்டும் என்பவர்கள் போகலாம், ஆனால் அறை வாடகை எகிறிவிடும், அதுவும் வெகு முன்பே தீர்ந்துவிடும். மே, ஜூன் அல்லது அக்டோபர்தான் என் தேர்வு. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம். பர்கண்டியின் புகழ்பெற்ற உணவுகளில் பாதி மாட்டிறைச்சி, மீதிப் பாதியில் பன்றி எங்கோ ஒளிந்திருக்கும். பெஃப் பூர்கின்யோன் சிவப்பு ஒயினில் வெந்த மாட்டிறைச்சி. முட்டைதானே என்று நம்பி ஆர்டர் செய்யும் 'ஒஃப் ஆன் மெரெத்' என்ற ஒயின் குழம்பு முட்டையில் பன்றித் துண்டுகள் மிதக்கும். சாலடிலும் அப்படியே. கோழி மட்டும் சாப்பிடுபவர்கள், முன்னாள் டிஜோன் மேயர் காஸ்தோன் ஜெரார் பெயரால் வழங்கும் கோழியைத் தேடுங்கள். கடுகு விழுது, வெள்ளை ஒயின், கோம்தே சீஸ் சேர்த்துச் செய்வது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பக்கத்துப் பிரெஸ் பகுதிக் கோழிக்கும் தனி மவுசு உண்டு, 1957இலிருந்தே சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர் அது. சைவக்காரர்கள் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் எழுதினால் மீன் வரும், மீனும் வேண்டாம் என்றால் இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்த சூப் வரும். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். கூஜேர் என்ற சீஸ் பணியாரம் எல்லா இடத்திலும் கிடைக்கும், முட்டை சேர்ந்தது. பாரம்பரியச் சீஸ்கள் பலவற்றில் பாலை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருள். கண்டிப்பாகச் சைவம் கடைப்பிடிப்பவர்களிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவேன், அங்கே போய்த் தெரிந்துகொண்டு மனம் நோகக் கூடாது. சாதாரணத் தண்ணீர் ஒரு குடுவை கேட்டால் இலவசமாகவே தருவார்கள், சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

குழந்தைகளோடும் குடிக்காத பெரியவர்களோடும் போனாலும் நாள் வீணாகாது. போனில் 1443இல் நிக்கோலா ரோலன் நிறுவிய ஏழைகள் மருத்துவமனையின் வண்ண ஓட்டுக்கூரையைப் பார்க்க அரை நாள் வேண்டும். அதே ஊரில் 1840இலிருந்து இயங்கும் ஃபலோ கடுகு விழுது ஆலையைச் சுற்றிக்காட்டுகிறார்கள். இன்னொன்று, 'டிஜோன் கடுகு' என்ற பெயருக்கு இடப் பாதுகாப்பு கிடையாது, எங்கு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். விதையும் நீண்ட காலமாகப் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தது. 2021இல் அங்கே வறட்சி வந்ததும் அடுத்த ஆண்டு பிரான்சின் கடைகளிலேயே கடுகு தட்டுப்பாடு. உள்ளூர் விதை, உள்ளூர் வெள்ளை ஒயினில் செய்தது வேண்டுமென்றால் 'மூதார்த் த பூர்கோன்' (பர்கண்டிக் கடுகு) என்று எழுதிய ஜாடியைப் பார்த்து வாங்குங்கள்.

திரும்பி வரும்போது இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை மதுவுக்கு வரி கிடையாது. வழக்கமான 750 மில்லி பாட்டிலில் இரண்டு. அதை செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். கடுகு ஜாடியும் அங்கேதான் போக வேண்டும். விமான நிலையப் பாதுகாப்புக்கு அதுவும் திரவக் கணக்குதான், கைப்பையில் இருந்தால் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.