ரெண்டு சுழியா, மூணு சுழியா? – பெரிய மானிட்டர் வாங்குமுன் ஒரு கணக்கு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும்: "அண்ணே, இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?" தட்டச்சு செய்கிற பையன் திரையில் மூக்கு இடிக்காத குறையாகக் குனிந்திருப்பான். தாய்ப்பத்திரத்தின் ஸ்கேன் ஒரு ஜன்னலில், பட்டா இன்னொன்றில், புதுப் பத்திரத்தின் வரைவு அதற்கு மேல் பாதி மறைத்தபடி. பெயரில் ‘ன’ வரவேண்டிய இடத்தில் ‘ண’ விழுந்துவிட்டால், பிறகு பிழைதிருத்தல் பத்திரம் போட்டு அலைய வேண்டியதுதான்.

அந்தப் பையனின் கண்ணில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. திரையில் அந்த எழுத்துக்குப் போதுமான புள்ளிகள் இல்லை, அவ்வளவுதான். இப்போது ஆடிட்டர் ஆபீஸ், ரைஸ் மில் கணக்குப் பிரிவு, இ-சேவை மையம் என்று எல்லா இடத்திலும் பெரிய மானிட்டர் வாங்கும் பேச்சு இருக்கிறது. கடையில் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை இஞ்ச், 4கே வேண்டுமா? இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

செல்போன் கேமராவைத் திரைக்கு மிக அருகில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய பட்டைகள் சேர்ந்த கட்டங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு கட்டம் ஒரு பிக்சல். ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் சுமார் 20 லட்சம். 4கே என்றால் 3840-க்கு 2160. சுமார் 83 லட்சம், அதாவது சரியாக நான்கு மடங்கு. இந்த எண்ணிக்கை திரையின் அளவைப் பொறுத்து மாறாது. 27 இஞ்சானாலும் 55 இஞ்சானாலும் 4கே-க்கு அதே 83 லட்சம்தான். எத்தனை கட்டு நாற்று என்று மட்டும் சொன்னால் நடவு நெருக்கமா விலகலா என்று யாருக்கும் தெரியாது. எத்தனை மா நிலத்தில் நட்டோம் என்பதும் தெரிந்தால்தான் குத்துக்குக் குத்து இடைவெளி வரும். மானிட்டரிலும் நமக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

24 இஞ்ச் (திரையின் மூலைக்கு மூலை அளவு) ஃபுல் எச்டியில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர். அதே ஃபுல் எச்டியை 27 இஞ்சில் வாங்கினால் 0.31, திரை பெரிதாகும், எழுத்து இன்னும் சொரசொரப்பாகும். 27 இஞ்ச் 4கே-யில் 0.16. 32 இஞ்சில் 0.18. 43 இஞ்சில் 0.25. கடைசி எண்ணைக் கவனியுங்கள். "மானிட்டர் எதற்கு, அதே காசுக்கு 43 இஞ்ச் 4கே டிவியே வாங்கிடலாமே" என்று ஊரில் பலர் சொல்கிற யோசனை அது. இடம் தாராளமாகக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தின் தெளிவு பழைய 24 இஞ்ச் திரையைவிடக் கொஞ்சம்தான் கூடும்.

எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். கண் மருத்துவரிடம் பார்க்கும் எழுத்துப் பலகையை 1862-ல் உருவாக்கிய ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதையே சரியான பார்வைக்கு அளவுகோலாக வைத்தார். 6/6 என்பது அதுதான். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்தக் கோணம் 0.17 மில்லிமீட்டருக்குச் சமம். 70 சென்டிமீட்டர் என்றால் 0.2. பிக்சல் இதைவிடப் பெரிதாக இருந்தால் எழுத்தின் ஓரம் படிப்படியாகத் தெரியும். இதற்குச் சமமாகவோ சிறிதாகவோ இருந்தால் அச்சடித்த தாளைப் போலத் தெரியும். ஆகவே கடைக்குப் போகுமுன் அளக்க வேண்டியது மேசையை. சுவரோரம் திரையை வைத்தால் கண் எங்கே இருக்கிறது என்று டேப்பைப் பிடித்துப் பாருங்கள்.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுகும். விண்டோஸ் ஒரு இஞ்சை 96 பிக்சல் என்று வைத்துக்கொள்வதால், 9 பாயின்ட் (ஒரு பாயின்ட் இஞ்சில் 72-ல் ஒரு பங்கு) எழுத்துக்கு உயரத்தில் 12 பிக்சல்தான் ஒதுக்கீடு. ஆங்கில ‘என்’னை இரண்டு கால், ஒரு வளைவில் முடித்துவிடலாம். நம் எழுத்தில் மேலே புள்ளியோ ‘கி’யில் வரும் மேல்விலங்கோ வேண்டும், கீழே ‘று’, ‘ரு’ போன்றவற்றின் வால் இறங்க வேண்டும், நடுவில் மிஞ்சிய இடத்தில் சுழிகள் அடங்க வேண்டும். ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமானால் கோடு, வெற்றிடம், மறுபடி கோடு என்று குறைந்தது மூன்று பிக்சல் பிடிக்கும். ‘ண’வில் அப்படி மூன்று. இடம் பற்றாதபோது கணினி சாம்பல் நிறத்தை நிரப்பிச் சமாளிக்கிறது. சுழியின் வயிறு அடைபடுகிறது. ‘ண’வும் ‘ன’வும் ஒரே கறையாகின்றன. ‘கெ’, ‘கே’ கதியும் அதுதான். கொம்பு ஒற்றையா இரட்டையா என்பது மேலே உள்ள ஒரு சின்னச் சுழியில் இருக்கிறது.

இங்கேதான் ஸ்கேலிங், அதாவது திரையில் உள்ளதை விகிதமாகப் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் அமைப்பு வருகிறது. 32 இஞ்ச் 4கே-யை 100 சதவீதத்தில் வைத்தால் எழுத்து எறும்பு போலாகும், யாரும் படிக்க முடியாது. 150 சதவீதம் வைத்தால் அதே 9 பாயின்ட் எழுத்துக்கு 18 பிக்சல் கிடைக்கும், உயரம் 3.3 மில்லிமீட்டர். பழைய 24 இஞ்ச் திரையிலும் 12 பிக்சல் சேர்ந்து அதே 3.3 மில்லிமீட்டர்தான். எழுத்தின் அளவு மாறவில்லை, ஆனால் அதை வரைய 144 கட்டங்களுக்குப் பதில் 324 கட்டங்கள். அதோடு வேலை செய்யும் பரப்பு முன்பைவிட ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுகிறது. ஏ4 தாளை நிஜ அளவில் வைத்துப் பார்த்தால் புரியும்: 32 இஞ்ச் திரையின் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர், உயரம் 40. தாய்ப்பத்திரம், பட்டா, வரைவு மூன்றும் பக்கம் பக்கமாக 63 சென்டிமீட்டரில் உட்காரும். 27 இஞ்சில் இரண்டு தாள்தான், ஓரத்தில் கொஞ்சம் மிச்சம்.

என்னைக் கேட்டால் அலுவலகத்துக்கு 32 இஞ்ச் 4கே. மேசை குறுகல், கண் திரைக்கு 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும் என்றால் 27 இஞ்ச் 4கே. ஒரு எச்சரிக்கை: பழைய கணக்கு மென்பொருள்கள் சிலவற்றுக்கு ஸ்கேலிங் தெரியாது. விண்டோஸ் அவற்றை வெறும் படமாக இழுத்துப் பெரிதாக்கும், மங்கலாகத்தான் இருக்கும். அது மானிட்டரின் குற்றமில்லை.

டிவி யோசனைக்குத் திரும்பினால் அதில் இன்னும் இரண்டு சங்கடம். கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு கூர்மையாகத் தெரியும், நிற வேறுபாடு அவ்வளவு தெரியாது. அதனால் டிவி சிக்னலில் வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் அனுப்பி, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சிக்கனம் பிடிப்பது வழக்கம். சினிமாவில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எக்ஸெல்லில் சிவப்பில் எழுதிய பற்று எண்கள் கலங்கிவிடும். சில டிவிகளில் ‘பிசி’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். மற்றொன்று கோணம். 43 இஞ்ச் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி நடுவில் நேராக உட்கார்ந்தாலும் இடது வலது ஓரங்களைக் கண் 38 பாகை சாய்வில்தான் பார்க்கிறது. விஏ வகைத் திரையில் அந்தச் சாய்வில் நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் திரவப் படிகங்கள் திரைக்கு இணையாகவே திரும்புவதால் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. வாங்குவது மானிட்டரே ஆனாலும் ஐபிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். வாசல் திறந்தே கிடக்கும் கடைத்தெரு அலுவலகத்துக்குப் பளபளப்பில்லாத மேட் திரை.

நல்ல மானிட்டரை வாங்கிவிட்டு, மவுஸ் அம்பு இழுத்து இழுத்துப் போகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஒரு பிக்சலுக்கு 24 பிட். 83 லட்சம் பிக்சல். விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 1,200 கோடி பிட். பழைய சிபியுக்களில் உள்ள எச்டிஎம்ஐ 1.4 என்ற திரை இணைப்பு அதைத் தாங்காது. 4கே-யை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்ற இன்னொரு இணைப்போ, 2013-ல் வந்த எச்டிஎம்ஐ 2.0-வோ இருந்தால் 60 வரும். கேபிளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். டிராயரில் கிடந்த பழைய கேபிளைச் செருகிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை என்ற எண்) 60 என்று காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு எழுதிக் கொடுப்பது, கையில் பேப்பர் பிடிக்கும் தூரம். 65 சென்டிமீட்டரில் இருக்கும் திரை அதில் மங்கும். எத்தனை கே வாங்கினாலும் மங்கும். தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்துப் போடும் பைஃபோகல் கண்ணாடியில் படிக்கும் பகுதி அடியில் இருப்பதால், உயரமான திரையின் மேல் வரிகளைப் படிக்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே வரும்படி வைக்கலாம். கண் பரிசோதனைக்குப் போகும்போது டேப்பில் அளந்த அந்தத் தூரத்தைச் சொன்னால், அதற்கென்று தனிக் கண்ணாடிக்குப் பவர் எழுதித் தருவார்கள்.