எலக்ட்ரானிக் செட் போட்டுவிட்டால் டைமிங் பார்க்க வேண்டாமா?

சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு ஃபியட் 1100 லாரியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. காபித் தோட்டக்காரர் வீட்டுக் கார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் ஓட்டியது. ஹெட் கடைந்து கம்ப்ரஷன் ஏற்றி, கேம் மாற்றி, சைலன்சரைத் திறந்துவிட்ட இன்ஜின். மகன் இரண்டு வருடமாகக் காசைக் கொட்டி அதை மறுபடி ஓட வைத்திருந்தார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கிறது. பிஸ்டன் தலை எலி கடித்தது போல அரித்துக் கிடக்கிறது.

"புது செட்டு போட்டதுக்கு அப்புறம் சும்மா பூ மாதிரி ஓடுச்சுங்கண்ணா. எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியலை" என்றார்.

தீப்பொறிக்காகக் கரண்டை வெட்டும் பழைய சுவிட்சான பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் செட் போட்டு, அதன் பிறகு பிஸ்டன் போய் என்னிடம் வந்த பழைய வண்டிகளில் இந்த ஆண்டில் மட்டும் இது நான்காவது. அதனால்தான் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு எதிரி இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நானே பல வண்டிகளுக்குப் போட்டுக் கொடுக்கிறேன். நான்கு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்-இல் சுற்றினால் நொடிக்கு 200 தீப்பொறி வேண்டும். அத்தனை முறையும் ஒரு சின்னக் கம்பிச் சுருளின் பலத்தில் பாயிண்ட் திறந்து மூட வேண்டும். பந்தய வேகத்தில் அது மூடும்போது துள்ளும், தீப்பொறிக்கு வோல்டேஜை ஏற்றும் காயிலுக்கு நிரம்ப நேரம் போதாது, மிஸ்ஸிங் அடிக்கும். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் வேறு, இப்போது கடையில் கிடைப்பவற்றில் பாதி ஒரு மாதம் தாங்குவதில்லை. ஆகவே மாற்றுவது நியாயம்தான்.

ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "எலக்ட்ரானிக் போட்டாச்சுங்க, இனி டைமிங் பார்க்க வேண்டியதே இல்லையாமே." பிஸ்டன் எந்த இடத்தில் வரும்போது தீப்பொறி விழ வேண்டும் என்ற கணக்குத்தான் டைமிங். அதைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்லி அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் ஊகிக்க முடிகிறது. பைக்குகளில் பாயிண்ட் போய் சி.டி.ஐ என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தபோது, டைமிங் செட் பண்ணும் வேலையும் சேர்ந்தே போயிற்று. இப்போதைய கார்களில் கம்ப்யூட்டரே நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தத்தை, கேட்டு டைமிங்கைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நினைப்பிலேயே பழைய ஃபியட்டையும் அம்பாசடரையும் பார்க்கிறார்கள்.

நீங்கள் வாங்கி, ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைக்கும் அந்தச் சின்னக் கருப்புப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. அது ஒரு சுவிட்ச். பாயிண்ட் செய்த வேலையை, அதாவது காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டும் வேலையை, உரசல் இல்லாமல் செய்கிறது. அவ்வளவுதான். எப்போது வெட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது அதற்குக் கீழே இருக்கும் பழைய இரும்புதான்: ஷாஃப்ட், அதைத் தாங்கும் புஷ், இரண்டு எடைகள், அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங். வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். இதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். ஸ்பிரிங் அதை அளவோடு விடும். பெட்டியை மாற்றினாலும் இவை எல்லாம் ஐம்பது வயதுப் பொருள்களாகவே உள்ளே இருக்கின்றன. வீட்டில் ஃபேன் ஆடுகிறது என்று சுவிட்சை மாற்றினால் பேரிங் சரியாகிவிடுமா?

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பாயிண்ட் இருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தன் நோயை வெளியே சொல்லும். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் போதும், 0.4 மில்லிமீட்டர் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவாகிவிடும். ஐடிலிங் நிற்காது, வண்டி குலுங்கும், நீங்கள் எரிச்சலோடு என்னிடம் வருவீர்கள். காந்த வளையம் வைத்த புது செட்டுக்கு அந்தச் சின்ன ஆட்டம் பெரிதாகத் தெரியாது. ஐடிலிங் அழகாக நிற்கும். வண்டி பூ மாதிரி ஓடும். உள்ளே எடைகளின் பின் தேய்ந்து, ஸ்பிரிங் இளகிக் கிடப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அந்தத் தோட்டக்காரர் வண்டியில் நடந்தது இதுதான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் தட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங்குகளில் மெல்லியது கொக்கியிலிருந்து கழன்று கிடந்தது. தடியான ஸ்பிரிங்குக்குப் பிறவியிலேயே கொஞ்சம் லூஸ் உண்டு, அது அதிக வேகத்தில்தான் பிடிக்க ஆரம்பிக்கும். ஆகவே 3000 வரை படிப்படியாக வர வேண்டிய அட்வான்ஸில் பெரும்பகுதி 1500-இலேயே வந்துவிட்டது. சமவெளியில் மிதமாக ஓட்டினால் இது பெரிதாகத் தெரியாது. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, கியர் குறைத்து, குறைந்த ஆர்.பி.எம்-இல் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கிறார். பிஸ்டன் மேலே வந்து சேர இன்னும் நிறைய தூரம் இருக்கும்போதே, பற்ற வேண்டிய நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்கிறது. சாதாரண வண்டியாக இருந்தால் "டிக் டிக்" என்று நாக்கிங் கேட்டிருக்கும். சைலன்சர் திறந்த பந்தய வண்டியில் எது கேட்கும்? அத்தோடு ஏற்றிய கம்ப்ரஷன், பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல். பிஸ்டன் பாவம், என்ன செய்யும்?

இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயம், அவர் செட் போட்டதற்கே ஏற்காடுதான் காரணம். மேலே போகப்போக வண்டி மந்தமாகிறது என்று யாரோ பாயிண்டைக் குறை சொல்லியிருக்கிறார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500. காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட மாதிரியே பெட்ரோலை விடும். கலவை கொழுத்து பிளக் கருக்கும், இழுவை குறையும். பாயிண்ட் ஒரு பாவமும் செய்யவில்லை.

இன்னொன்று. பழைய பாயிண்ட் 6000 பக்கம் துள்ளி மிஸ்ஸிங் அடித்ததே, அது பல இன்ஜின்களுக்குக் கேட்காமலே கிடைத்த வேகத்தடை. புது செட் 7000-லும் சுத்தமாகத் தீப்பொறி கொடுக்கும். உங்கள் வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடும் 7000-க்குத் தயாரா? பாயிண்டை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போடத்தான் போகிறீர்கள் என்றால் இப்படிப் போடுங்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றும் ரோட்டரைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் செட் வாங்கும் காசில் முதலில் புஷ் மாற்றுங்கள். நல்ல லேத் பட்டறையில் அரை நாள் வேலை. ரோட்டரைத் திருப்பி விட்டால் அது தானாகச் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தாலோ பாதியில் நின்றாலோ தட்டைக் கழற்றாமல் மேலே போகாதீர்கள்.

செட் மாட்டியதும் டைமிங்கைப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். பாயிண்ட் திறந்த இடமும் இது வெட்டும் இடமும் ஒன்றாக இருக்காது. ஐடிலில் மட்டும் டைமிங் லைட் அடித்துவிட்டு மூடிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1000, 1500, 2000 என்று 3500 வரை ஏற்றி, ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி என்று தாளில் எழுதுங்கள். அந்த இரண்டாவது வரியிலேயே தோட்டக்காரரின் பிஸ்டன் தப்பித்திருக்கும். பெஞ்சில் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் சுற்றிப் பார்க்கும் தம்பிகள் கவனிக்கவும்: டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று, ஆகவே அங்கே 11 டிகிரி என்றால் கிராங்கில் 22. இதை மறந்து கணக்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காயிலை அளக்காமல் மாற்றாதீர்கள். 3 ஓம் காயில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் 8 ஆம்பியர். அதற்கென்று செய்யாத செட் வெந்துவிடும். இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை ஆன் பண்ணி வைத்து ரேடியோ கேட்பது, ஒயர் தேடுவது எல்லாம் வேண்டாம். சிவப்பும் கருப்பும் ஒரு நொடி மாறித் தொட்டாலும் செட் போச்சு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் என்பதால், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போவது எந்த முனை என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் அதன் இரைச்சல் செட்டைக் குழப்பும், ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயர் போடுங்கள். சில பழைய ரெவ் மீட்டர்கள் காயிலுக்குப் போகும் ஒயரின் கரண்டை எண்ணித்தான் முள்ளை நகர்த்தும். ஒயரிங் மாறினால் அவை தப்பாகக் காட்டும். பந்தய வண்டியில் அது ஆபத்து.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மார்கழிப் பனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோக்கும். மூடியின் உள்பக்கம் பென்சில் கோடு போலக் கருப்பாக ஒரு கீறல் தெரிந்தால் அது தீப்பொறி ஓடிய தடம். துடைத்தால் போகாது, மூடியை மாற்றுங்கள். வலுவான புதுக் காயில் போட்டால் அந்தத் தடம் இன்னும் சீக்கிரம் பெரிதாகும்.

தோட்டக்காரர் மறுபடி பாயிண்டுக்கே போய்விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புஷ்ஷும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டு, அதே எலக்ட்ரானிக் செட்டைத்தான் மாட்டப்போகிறேன். பழைய பாயிண்ட் தட்டையும் ஒரு நல்ல கண்டென்சரையும் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துத் தருவேன். பதினான்காவது வளைவில் செட் செத்தால், ஒரு ஸ்க்ரூடிரைவரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் போதும், வீட்டுக்கு வந்துவிடலாம்.

உங்கள் வண்டியிலும் செட் போட்டு டைமிங் பார்க்காமல் விட்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரிடமாவது லைட் அடித்துப் பாருங்கள். அதுவரை மலை ஏற்ற வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிக்கொண்டு வருவதானால், ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, மூடியையும் ஒயர்களையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.