கேட் விளக்கும் பூக்காத காஸ்மோஸும்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆடிப் பட்டத்தில் ஒரே பாக்கெட் காஸ்மோஸ் விதையை, காம்பவுண்டுச் சுவரோரம் 14 பைகளில் போட்டாராம். ஒரே மண்கலவை, ஒரே தண்ணீர். ஐப்பசியில் கொல்லைப் பக்கம் இருந்த 8 செடிகளும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்குகின்றன. வாசல் பக்கத்து 6 மட்டும் இடுப்புயரம் தழைத்து நிற்கின்றன, ஒரு மொட்டுகூட இல்லை. “எனக்குக் கைராசி இல்லைன்னு அத்தை சொல்றாங்க. நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?” என்று கடிதம் முடிகிறது.

இல்லை அம்மா. கையில் ஒன்றும் இல்லை.

காஸ்மோஸ் வளர்ப்பதில் பெரிய வித்தை கிடையாது. கறுத்து, வளைந்து, ஊசி போல இருக்கும் விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். வெயில் நன்றாக வேண்டும். ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். எரு அதிகம் போடக்கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையிலேயே செலவழித்துவிடும். வாசகியின் வாசல் செடிகளுக்கும் அதுதான் கோளாறோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் 14 பைக்கும் ஒரே கலவை என்கிறாரே! புகைப்படம் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில், அந்த 6 பைகளுக்கு நேர்மேலே கேட் தூணில் ஒரு விளக்கு. மாலை ஆறுக்குப் போட்டால் விடிந்துதான் அணைப்பார்களாம்.

காஸ்மோஸ் இருட்டை அளக்கும் செடி. இரவு நீளமாக இருந்தால் சீக்கிரம் பூக்கும். இரவு குறுகினால் தள்ளிப்போடும். அந்த 6 செடிகளைப் பொறுத்தவரை ஆடி முதல் இன்றுவரை இரவே வரவில்லை.

இந்த விஷயம் முதலில் பிடிபட்டது புகையிலையில். அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் இருவரும் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அது கோடை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. 1918-இல் அதைத் தொட்டியில் வைத்து, மாலை 4 மணிக்கு ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நாள் தவறாமல் இப்படிச் செய்ததும் கோடையிலேயே பூத்தது. செடி பகலின் நீளத்தைப் பார்க்கிறது என்று 1920-இல் எழுதினார்கள்.

பார்ப்பது பகலை அல்ல, இரவை என்று காட்டியது மருளூமத்தை. காலி மனையில் நடந்தால் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த முள்காய்ச் செடிதான். 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் அதன் பகலுக்கு நடுவே இருட்டைப் புகுத்திப் பார்த்தார்கள். செடி சட்டை செய்யவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினார்கள். பூப்பது நின்றுவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமிப் புரதம் இருக்கிறது. அதற்கு இரண்டு வடிவங்கள். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால், அதன் நடுவே இருக்கும் மூலக்கூறின் ஒரு வளையம் சட்டெனத் திரும்பி, புரதம் விழித்த வடிவத்துக்கு வந்துவிடும். 730 நானோமீட்டர் தொலைசிவப்பு, அதாவது சிவப்பின் கடைக்கோடி ஒளி, பட்டால் வளையம் திரும்பவும் பழைய பக்கமே சாய்ந்து, புரதம் தூங்கிவிடும். நீண்ட இருட்டிலும் மெல்ல மெல்லத் தூங்கும். 1952-இல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் இதே மருளூமத்தைக்கு நள்ளிரவில் சிவப்பு ஒளி காட்டிப் பூப்பதை நிறுத்தினார்கள். உடனே தொலைசிவப்பு காட்டினார்கள், பூத்தது. மறுபடி சிவப்பு, மறுபடி தொலைசிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படிதான் செடி நடந்தது. நம் வீட்டுச் சுவிட்சும் இப்படித்தானே? எத்தனை முறை தட்டினோம் என்பது கணக்கில்லை, கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

வெளிச்சம் பட்டதை இலை அறிந்துவிட்டது. மணி எத்தனை என்று அதற்கு எப்படித் தெரியும்? காஸ்மோஸின் குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியில் இதை அழகாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து செடியின் உள்கடிகாரம் எண்ணத் தொடங்கும். குறிப்பிட்ட மணி நேரம் கழித்து ஒரு கதவு திறக்கும். அந்த நேரத்தில் வெளிச்சம் பட்டால், பூக்காதே என்று சொல்லும் ஒரு புரதத்தை இலை தயாரித்து நுனிக்கு அனுப்பும். கதவு மூடிய பிறகு விடிந்தால் அந்தப் புரதம் உண்டாகாது. பூக்கச் சொல்லும் ஃப்ளோரிஜெனுக்குத் தடை நீங்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இது. ஃப்ளோரிஜென் என்ற பெயர் அதைவிட மிகப் பழையது. 1930-களில் ரஷ்யாவில் சைலக்யான் வைத்த பெயர். இலையில் உருவாகி நுனிக்குப் பயணம் போகும் அந்த ஃப்ளோரிஜென் எந்தப் புரதம் என்று உறுதியானது 2007-இல்தான். அதில் ஒரு குழு ஆராய்ந்தது நெற்பயிரை. 1918-இலிருந்து கிட்டத்தட்ட 90 வருடம், புகையிலையும் களைச்செடியுமாக! இதனால் என்ன லாபம் என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் மருளூமத்தையிலேயே கதை முடிந்திருக்கும். நம் பல்கலைக்கழகங்களில் தாவர உடலியலுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

காஸ்மோஸுக்கு இந்தக் கணக்கு எதற்கு? அதன் சொந்த ஊர் மெக்ஸிகோ. அங்கிருந்து மாட்ரிட் போன விதையில் வளர்ந்த செடிக்குத்தான் 1791-இல் கவனில்லெஸ் என்ற பாதிரியார் இந்தப் பெயரை வைத்தார். மெக்ஸிகோ மேட்டுநிலத்தில் மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வாக்கில் ஓயும். மழையில் வளர்ந்து, அது ஓயும்போது பூத்து, நிலம் காய்வதற்குள் விதை உதிர்த்தாக வேண்டும். மழை ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். இரவின் நீளம் மட்டும் வருடா வருடம் அதே தேதிக்கு அதேதான்.

நம் பழைய சம்பா நெல் ரகங்களும் இப்படித்தான். முன்னே பின்னே விதைத்தாலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கதிர் வரும். ஈரோட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 80 நிமிடம்தான். அதையும் கவனித்துவிடுகின்றன.

கைராசி பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செடி பட்டுப்போனால் வீட்டுக்கு வந்த மருமகள் கை சரியில்லை என்பார்கள். விலக்கான நாளில் தொட்டதால் துளசி கருகியது, முல்லை மொட்டு உதிர்ந்தது என்பார்கள். செடிக்குக் கை தெரியாது. ஒளி தெரியும், ஈரம் தெரியும், சத்து தெரியும். ஒரு பெண் தன் கையைத் தானே சந்தேகித்துக்கொண்டு தோட்டத்தை விட்டு ஒதுங்குவதைப் போல எனக்கு வருத்தம் தருவது வேறில்லை.

விளக்கை அணைக்க வேண்டாம், வாசலுக்கு அது தேவை. 6 பைகளில் 4-ஐக் கொல்லைப் பக்கம் இருட்டில் கொண்டுபோய் வையுங்கள். ஒன்றை வாசலிலேயே விட்டு, மாலை 6 முதல் காலை 7 வரை கவிழ்த்த அட்டைப்பெட்டியால் மூடுங்கள். ஒரு நாளும் தவறக்கூடாது. சில வாரங்களில் நுனியில் மிளகளவு பச்சை மொட்டுகள் தெரியும். நிலவொளி பற்றிக் கவலை வேண்டாம், பௌர்ணமியிலும் அது ஒரு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கூடத் தேறாது. மிச்சமிருக்கும் ஆறாவது பை விளக்கடியிலேயே இருக்கட்டும். அதுவும் ஒருநாள் பூக்கும். ஆனால் தாமதமாக, கொஞ்சமாக. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். எந்தப் பையை அங்கே விடுவது என்று உங்கள் அத்தையே எடுத்துக் கொடுக்கட்டும். தினம் அதற்குத் தண்ணீரும் அவரே ஊற்றட்டும்.