புயலுக்கு 62, தூறலுக்கு அரை மில்லிமீட்டர்

2024 நவம்பர் 29, மதியம் மூன்று மணி தாண்டியிருக்கும். கடலூர் முதுநகரில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். இது புயலாக மாறாது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றுதான் காலையில் செய்தி. இப்போது பக்கத்தில் இருந்தவர் போனைப் பார்த்துவிட்டு, புயல் உருவாகிவிட்டதாம், பேர் ஃபெஞ்சலாம் என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையில இல்லங்கிறான், மத்தியானம் ஆமாங்கிறான். இவனுங்களுக்கே ஒண்ணும் தெரியல தம்பி" என்றவர், அடுத்த மூச்சிலேயே "சரி, எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?" என்று கேட்டார்.

துறைமுகத்தில் ஏற்றும் அந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் காலை, மதியச் சங்கதி.

அந்தச் சில மணி நேரத்தில் கடலில் நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். சுழலும் காற்றின் வேகம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆனால் கூடிய இடம் ஒரு கோட்டின் மேல் விழுந்தது. நம் வங்கக்கடலில் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொடாதவரை அதற்குப் பெயர் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல், அப்போதுதான் பட்டியலில் காத்திருக்கும் பெயரை எடுத்து வைப்பார்கள் (ஃபெஞ்சல் சவூதி அரேபியா கொடுத்த பெயர்). அதற்கு மேலே 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல், 167இல் அதிதீவிரப் புயல், 222இல் சூப்பர் புயல். 61க்கும் 62க்கும் நடுவில் வானத்தில் எந்தக் கதவும் திறப்பதில்லை, மூடுவதில்லை. கோடு நாம் போட்டது.

அது சரி, 60 என்றோ 100 என்றோ முழு எண்ணாக வைக்காமல் ஏன் 62, 89, 118? கிலோமீட்டரை விட்டுவிட்டு மாலுமிகள் வேகத்தை அளக்கும் நாட் (knot) கணக்கில் பாருங்கள், 34, 48, 64 என்று வரும். இதன் வேர் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியிடம் இருக்கிறது. 1805 வாக்கில் அவர் காற்றை 0 முதல் 12 வரை எண் கொடுத்துப் பிரித்தார். அவர் கையில் காற்றுமானி எதுவும் கிடையாது, போர்க்கப்பல் எத்தனை பாயை விரித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அளவு. 12 என்றால் எந்தப் பாயும் தாங்காது. பின்னால் வந்தவர்கள் அந்த எண்களுக்கெல்லாம் வேகத்தை அளந்து சேர்த்தபோது, 8ஆம் எண் 34 நாட் வேகத்தில் தொடங்கியது, 10ஆம் எண் 48இல், 12ஆம் எண் 64இல். நம் ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தின் 28 முதல் 33 நாட் அப்படியே பியூஃபோர்ட்டின் 7ஆம் எண். பாய்மரக் கப்பல் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று, அதன் பாயை எப்போது சுருட்டினார்கள் என்பதை வைத்துத்தான் இன்றைக்கும் நமக்குப் பள்ளி விடுமுறை முடிவாகிறது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

இன்னொன்று. இந்த வேகம் ஒரு நொடி அடித்துவிட்டுப் போகும் சூறைக்காற்று அல்ல, மூன்று நிமிடச் சராசரி. அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுப்பதால் அதே புயலுக்கு அவர்கள் எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து "நம்மாளு மறைக்கிறான்" என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நடுக்கடலில் அந்த வேகத்தை யார் அளந்தது என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் நேரில் அளப்பதில்லை. மிதவைகள் சில உண்டு, ஆனால் புயல் தேடிப்போய் அவற்றின் மேல் ஏற வேண்டுமே. கரைக்குக் கிட்டத்தில் வந்தபிறகு காரைக்கால், சென்னை ரேடார்கள் பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். 1970களில் வெர்னன் டுவோராக் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுத்த முறை இது. மேகப்பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது? கால்வட்டம் போலத்தான் இருக்கிறது என்றால் மதிப்பெண் 1.5, அது தாழ்வு மண்டலம். ஏறக்குறைய அரைவட்டம் சுற்றிவிட்டால் 2.5, அது புயல். முழு வட்டத்தை நெருங்கினால் 3.5, தீவிரப் புயல். ஜிலேபி பிழிகிறவர் கையைப் பார்த்து எத்தனை சுற்று ஆகிவிட்டது என்று எண்ணுவது மாதிரிதான், என்ன, எண்ணுகிறவருக்குப் பழகிய கண் வேண்டும். பட்டை கலைந்து கிடக்கும் நாளில் அந்தக் கண்ணுக்கும் சிரமம். ஃபெஞ்சல் கோட்டின் மேலேயே தள்ளாடிக்கொண்டிருந்தது. காலையில் இல்லை, மதியம் ஆமாம் என்பது அப்படி வந்ததுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், நம் ஊர்க்காரர்கள் நிஜமாகவே சண்டை போட வேண்டிய இடம் வேறு. தாழ்வுப் பகுதியில் தொடங்கி சூப்பர் புயல் வரை போகும் இந்த ஏணி முழுக்க முழுக்கக் காற்றை மட்டும்தான் கேட்கிறது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய 'தானே' என்ற புயல், மிகத் தீவிரப் புயல் வகை. நான் அப்போது மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். ராத்திரி முழுக்க ஓட்டு வீட்டில் ஓடு ஒன்றோடொன்று பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம், விடிந்து கதவைத் திறந்தால் எதிர்வீட்டு வேப்பமரம் வேரோடு எங்கள் திண்ணையில் தலை வைத்துப் படுத்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகப் போயின. எங்கள் சித்தப்பா முந்திரிக் கொல்லைக்கு ஒரு வாரம் போகவே இல்லை.

ஃபெஞ்சல் இதே ஏணியில் வெறும் புயல், தானேவை விட இரண்டு படி கீழே. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் காற்றோடு கரை ஏறியது. ஏறியது, பிறகு நகரவில்லை. பல மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் பதிவான மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 46 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 43 ஆயிரம் லிட்டர், 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரியில் மூன்றரை லோடு. ஒவ்வொரு மாடிக்கும் மூன்றரை லாரி, எல்லாம் தெருவில்தானே இறங்கும். ராணுவம் வந்து ஆட்களை மீட்க வேண்டியதாயிற்று. பிறகு சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தபோது, ஃபெஞ்சல் புயல் என்ற பட்டத்தையே இழந்து மேற்கே போயிருந்தது.

ஆக ஏணியில் எத்தனாவது படி என்பது ஓடு பறக்குமா, மரம் விழுமா என்பதற்கான பதில். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதற்கு மழைக்கென்று தனி ஏணி இருக்கிறது. 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரிலிருந்து கனமழை, 11.56இலிருந்து மிக கனமழை, 20.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் படி கிடையாது. 21 பெய்தாலும் 46 பெய்தாலும் பெயர் ஒன்றுதான், இதை நான் ஒரு குறையாகவே நினைக்கிறேன். இதில் 24 மணி நேரம் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதனால் நவம்பர் 30 ராத்திரி பெய்த மழை டிசம்பர் 1ஆம் தேதிக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும், பழைய பதிவுகளைத் தேடுகிறவர்கள் ஒரு நாள் தள்ளிப் பார்க்கவும். அப்புறம் ரெட் அலர்ட் என்றால் 20 சென்டிமீட்டர் பெய்யும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. நிறங்கள் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை, நடப்பதற்கான வாய்ப்பும் பாதிப்பும் சேர்ந்தது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படு.

மழையிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. நாம் தூறல் என்பது மழை எவ்வளவு கம்மி என்பதை வைத்து. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய துளி விழுந்தாலும் நமக்குத் தூறல்தான். வானிலைக்காரர்களுக்கு அது மழை. துளியின் விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து, நெருக்கமாக, மிதந்து இறங்குவது போல வந்தால்தான் தூறல். குட்டையில் துளி விழுந்து வட்டம் போடுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், நிஜத் தூறல் அநேகமாக வட்டம் போடாது.

பனி என்ற நம் சொல்லை அவர்களிடம் கொடுத்தால் இன்னும் திண்டாடிப் போவார்கள். புல்லில் காலையில் இருப்பதும் பனி, மார்கழியில் பைபாஸில் லாரியை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. அவர்கள் முதலில் கேட்பது இது எதனால் ஆனது என்று. தண்ணீரால் ஆனது ஒரு குடும்பம், தூசி, புகை, மணல் ஒரு குடும்பம், வெறும் ஒளி வேடிக்கை ஒரு குடும்பம், மின்சாரம் ஒரு குடும்பம். பிறகு, தண்ணீர்க் குடும்பத்துக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். காற்றில் தொங்குகிறதா, மேலிருந்து விழுகிறதா, பொருள்மேல் படிகிறதா, காற்று கிளப்பிவிட்டதா? புல்லில் படிந்தது ஒன்று, தொங்குவது ஒன்று, விழுவது ஒன்று, மூன்றும் வேறு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கொண்டல் வீசும் சாயங்காலம் நடந்தால் மூக்குக்கண்ணாடியில் உப்புப் படியும் பாருங்கள், அந்த அலைத் திவலைக்கும் தனி இடம் உண்டு, அது நாலாவது வகை.

தொங்குவதிலும் ஒரு கோடு இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்றால் மூடுபனி, அதற்கு மேலும் தெரிந்தால் லேசான மூட்டம். போகியன்று விடியற்காலையில்தான் சிக்கல், பழைய பாய் எரிந்த புகையும் தை பிறக்கும் நேரத்துப் பனியும் கலந்து நிற்கும். ஒன்று தண்ணீர்க் குடும்பம், இன்னொன்று தூசிக் குடும்பம். பார்த்தால் ஒரே வெள்ளைதான், காற்றில் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்த்துத்தான் எது தூக்கல் என்று முடிவு செய்வார்கள்.

மின்சாரக் குடும்பத்தில் கண்ணைவிடக் காதுக்கு மரியாதை. சித்திரை வைகாசியில் ராத்திரி மாடியில் படுத்தால் மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கும், சத்தமே வராது. இடிச்சத்தம் கேட்காதவரை கடலூர் பதிவேட்டில் அது இடிமழை அல்ல. ஒளிக் குடும்பத்தில் வானவில்லும் நிலவைச் சுற்றிய வட்டமும் வரும், இவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது. புதுச்சேரியில் ரெயின்போ நகர் என்று பெயர் வைத்துவிட்டு ஒவ்வொரு ஐப்பசியிலும் முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இப்போது கூண்டு. மற்ற எல்லாப் பிரிவும் வானத்தைப் பற்றியது, கூண்டு மட்டும் துறைமுகத்தைப் பற்றியது. ஒரே புயலுக்கு ஒரே நேரத்தில் நாகையில் ஒரு எண்ணும் கடலூரில் வேறு எண்ணும் ஏறியிருப்பது அதனால்தான். பகலில் கூம்பும் உருளையுமாகக் கட்டித் தொங்கவிடுவார்கள், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்கு. 1ம் 2ம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்பது, 3ம் 4ம் இந்தத் துறைமுகத்துக்கும் கொஞ்சம் தொல்லை உண்டு என்பது. 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம்.

6 என்றால் 5ஐ விட ஒரு படி மோசம், அவ்வளவுதானே என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, நேராகவோ ரொம்பக் கிட்டத்திலோ வந்தால் 7. 8, 9, 10ம் அதே வரிசைதான், புயல் மட்டும் பெரிசு. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். புயல் உங்கள் இடக்கைப் பக்கம், அதாவது வடக்கே புதுச்சேரி பக்கமாகக் கரை ஏறினால் 5. வலக்கைப் பக்கம், தெற்கே பரங்கிப்பேட்டை பக்கமாகப் போனால் 6. நம் பாதி உலகத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும், அதனால் மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே இருக்கிற ஊரில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கிற ஊரில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். ஆகவே 6 ஏறியிருந்தால் கரையில் இழுத்து வைத்த படகை இன்னும் மேலே ஏற்ற வேண்டும், 5 என்றால் கட்டின கயிறு அறுந்து படகு கடலுக்குப் போய்விடாமல் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அன்றைக்கு டீக்கடையில் கையை நீட்டி மடக்கி விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் கிளாஸ் கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "பத்தோட சரியா?"

"இல்லண்ணே, பதினொண்ணு இருக்கு."

"அது என்னா, அதைவிடப் பெரிய காத்தா?"

"காத்தெல்லாம் இல்ல. எச்சரிக்கை சொல்ற ஆபீசோட தொடர்பே அறுந்துபோச்சு, என்னா வருதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு அர்த்தம்."

கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அதைத்தானே தம்பி நான் முதல்லயே சொன்னேன்."