நடிகர் புகழும் பொருள் விளம்பரமா? அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு

புதுச்சேரியில் கடலைப் பார்த்த விடுதி ஒன்றில் ஒரு நடிகை இரண்டு நாள் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீச்சல் குளம், வாழையிலையில் காலை உணவு, பால்கனியில் சூரிய உதயம். ‘மனத்துக்கு நெருக்கமான இடம்’ என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போடுகிறார். பார்ப்பவர்கள் அதை அவருடைய சொந்த ரசனை என்று நம்பி, அடுத்த வாரமே அறை பதிவு செய்கிறார்கள். நடிகையிடம் வாடகை வாங்கவில்லை என்பதும், வீடியோவுக்குத் தனியாகப் பணம் பேசப்பட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

பிரபலங்களின் சமூக ஊடகப் பக்கங்களில் வரும் படம், வாசகம், வெளியிடும் நேரம் ஆகியவற்றை இன்று பெரும்பாலும் ஒரு குழுவே முடிவு செய்கிறது. தன் தோற்றத்தைத் தான் விரும்பியபடி காட்டிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பாராட்டினால், அதைப் பார்ப்பவரிடம் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அதன்கீழ் 2022 ஜூன் மாதம் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள், 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கக் கையேடு ஆகிய மூன்றும் சேர்ந்து இதை வலியுறுத்துகின்றன. மத்தியச் சட்டம் என்பதால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே விதிதான்.

பெரிய நட்சத்திரங்களுக்கு மட்டும் உரிய விதி என்று எண்ண வேண்டாம். கடலூர் பிரியாணிக் கடைகளைச் சுற்றிவந்து வீடியோ போடும் இளைஞரும் இதில் அடங்குவார். மக்கள் எதை வாங்குவது என்று முடிவெடுப்பதில் செல்வாக்குச் செலுத்தும் எவருக்கும் இது பொருந்தும்.

பணம் கைமாறினால்தான் அறிவிக்க வேண்டும் என்பதும் இல்லை. இலவசப் பொருள், இலவசத் தங்கல், பயணச் செலவு, தள்ளுபடி, பரிசு, நிறுவனத்தில் பங்கு, குடும்ப உறவு, வேலை உறவு எல்லாமே கணக்கில் வரும். புதுச்சேரி நேரு வீதியில் மைத்துனர் நடத்தும் துணிக்கடையைப் புகழ்ந்தாலும் அந்த உறவைச் சொல்ல வேண்டும். சொந்தக் காசில் வாங்கி, எந்தத் தொடர்பும் இல்லாமல் பாராட்டுகிறவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் பலர் நழுவப் பார்க்கிறார்கள். ‘விளம்பரம்’ என்பதுபோல் எளிய சொல்லால், கண்ணில் படாமல் போகாத இடத்தில் சொல்ல வேண்டும். ‘மேலும் படிக்க’ என்பதைத் தட்டினால்தான் தெரியும் என்றால், அல்லது இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒன்றாக ஒளிந்திருந்தால், அது அறிவிப்பே ஆகாது. படம் என்றால் படத்தின் மேலேயே இருக்க வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், குரலிலும் வர வேண்டும். நேரலையில் தொடக்கம் முதல் முடிவு வரை திரையில் நிற்க வேண்டும். பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். முழுக்கத் தமிழில் பேசிவிட்டு மூலையில் இரண்டு ஆங்கில எழுத்தை வைத்தால் போதாது. தமிழ் வீடியோக்களில் மிகக் குறைவாக மதிக்கப்படும் விதி இதுதான் என்பது என் கணிப்பு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மிகவும் தேவையானதும் இதுவே.

‘பதிவை என் குழு போட்டது’ என்பதும் எளிதில் எடுபடாது. ஒருவரின் பெயரோ, கையெழுத்தோ, உருவமோ இடம்பெற்று, அது அவருடைய கருத்து அல்லது அனுபவம் என்று நுகர்வோரை நம்பவைத்தால், சட்டம் அதைப் பரிந்துரையாகவே பார்க்கிறது. வாய் திறக்காமல் முகப்பூச்சு டப்பாவைக் கையில் பிடித்துச் சிரித்தாலும் அப்படித்தான்.

விளம்பரம் பொய்யானது அல்லது தவறாக வழிநடத்துவது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தால், பரிந்துரைத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடை போடலாம். மறுமுறை அது மூன்றாண்டு வரை நீளும். நிறுவனம் சொல்வது உண்மைதானா என்று உரிய கவனத்துடன் சரிபார்த்தவர் தப்பலாம். ஆகவே சான்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது பிரபலத்துக்கே பாதுகாப்பு.

உடல்நலம் பற்றிய வீடியோக்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2023 ஆகஸ்டில் வந்த கூடுதல் நெறிகளின்படி, மருத்துவத் தகுதி உள்ளவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும். நிபுணர்போல் பேசும் பிரபலம், இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையோ மருந்து, மாய மருத்துவ விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அத்தகைய பொடியையோ சூரணத்தையோ யார் புகழ்ந்தாலும், தயவுசெய்து போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

புகார் செய்ய நினைத்தால் முதல் வேலை ஆதாரம். இன்ஸ்டாகிராமில் ‘ஸ்டோரி’யாகப் போடும் பதிவு 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கணக்கின் பெயர், தேதி, இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; வீடியோவானால் திரைப்பதிவு செய்யுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்து மூலம் கொடுக்கலாம். விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. கடலூரில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவைச் சேர்க்கலாம். புதுச்சேரி, காரைக்கால் மாவட்டத்தினர் அந்தந்த ஆட்சியரை அணுகலாம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: மத்திய ஆணையம் விதிக்கும் அபராதத் தொகை உங்கள் கைக்கு வராது. இழந்த பணத்தையும் நஷ்டஈட்டையும் பெற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தனி வழக்குப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். புதுச்சேரிக் கடையில் ஏமாந்த கடலூர்க்காரர் எல்லை தாண்ட வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பில்லையும் பணம் செலுத்திய விவரத்தையும் அதனுடன் இணையுங்கள்.